கண்ணாடித் தொட்டியும் ஒரு தோட்டந்தான்

வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பங்களோடு மீன்தொட்டியில் நடும் செடிகளைப் பற்றிப் பேசுவது சிலருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். "வெங்காயம் நட ஒரு பரப்புக் காணி இல்லை, நீங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் புல்லு நடச் சொல்கிறீர்கள்" என்று யாராவது சொன்னால், அவரோடு நாம் சண்டைக்குப் போகமாட்டோம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் 1990 இலும் 1995 இலும் 2008, 2009 ஆம் ஆண்டுகளிலும் இடம்பெயர்ந்து, பின்னர் ஊர் திரும்பிய குடும்பங்கள் பலவற்றின் திண்ணையில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. இன்னும் தம் காணிக்குத் திரும்பாத குடும்பங்களிடமும் இருக்கிறது. சிலருக்கு அது வாழ்வாதார உதவியாகக் கிடைத்தது. சிலர் கப்பி மீன் வளர்த்து விற்பதற்காகத் தாமே வாங்கினர். அந்தத் தொட்டியில் போட்ட காசு வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

தொட்டிக்குச் செடி வாங்குபவர்கள் பெரும்பாலும் அதைத் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். காரணம், செடி செத்துப்போகிறது. கடைக்காரருக்கு அது வியாபாரம், வாங்கியவருக்கு நட்டம். எமது கருத்து இதுதான்: கண்ணுக்கு அழகாகத் தெரியும் செடிகளை ஒரு தொட்டியில் ஒன்றுசேர்ப்பது பிழை. ஒரே தண்ணீரையும் ஒரே வெளிச்சத்தையும் ஏற்றுக்கொள்ளும், ஒன்றையொன்று நெரிக்காத செடிகளையே ஒன்றுசேர்க்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளத் தோட்டம் செய்தவருக்குப் புதிய படிப்பு ஒன்றும் தேவையில்லை.

எமது முதல் தொட்டி

நாம் சில குடும்பங்கள் 2011 இல் ஊர் திரும்பினோம். வேலி அடைத்துக் கிணறு இறைத்து முடித்த கையோடு, வீட்டுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி தந்தார்கள். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். நிரப்பினால் ஏறக்குறைய 100 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். அதோடு ஒரு பை கப்பி மீன், கொழும்பிலிருந்து வந்த ஒரு கட்டுச் செடி. கட்டில் ஐந்து வகை இருந்தன: விசிறிபோல் மெல்லிய இலையுள்ள கபொம்பா, சிவப்பு இலை லுட்விஜியா, அமேசன் வாள்செடி, கபில நிற இலையுள்ள கிரிப்டோகோரைன், நாடாபோல் நீண்ட வலிஸ்னேரியா. எல்லாவற்றையும் ஒன்றாக நட்டோம். முதல் நாள் பார்க்க நல்ல அழகு. அயலார் எல்லாரும் வந்து பார்த்தார்கள்.

பத்து நாளில் கபொம்பாவின் இலைகள் உதிர்ந்து தண்டு மட்டும் நின்றது. கிரிப்டோகோரைனின் இலைகள் கூழாகக் கரைந்தன. அழுகிவிட்டதென்று வேரோடு பிடுங்கி எறிந்தோம். லுட்விஜியாவின் சிவப்பு மங்கி அடியிலைகள் கொட்டின. வலிஸ்னேரியா மட்டும் ஓடுகொடி விட்டு, மூன்று மாதத்தில் தொட்டியை மூடிக்கொண்டது. அதன் நிழலில் வாள்செடி மஞ்சளித்தது. பயிற்சி தந்தவரிடம் கேட்டோம். உரம் போடச் சொன்னார். போட்டோம், பச்சைப் பாசிதான் வந்தது. "எங்களுக்குக் கைராசி இல்லைப் பிள்ளை" என்று எம்மில் மூத்த அம்மா ஒருவர் சொன்னார். ஐம்பது வருடம் மிளகாயும் கத்தரியும் விளைவித்த கை அது.

கைராசி குறையவில்லை. நெல்லையும் மிளகாயையும் ஒரே பாத்தியில் நட்டு ஒரே அளவு தண்ணீர் கட்டினால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது. அப்படியொரு பாத்தியை எம்மில் ஒருவரும் கட்டியிருக்கமாட்டோம். கண்ணாடிக்குள் என்றவுடன் எமது தோட்ட அறிவைப் படலைக்கு வெளியே வைத்துவிட்டோம். பிழை அங்கேதான்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதற்குள் ஊறி வரும் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிப்பதும், சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும் அதனால்தான். பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகம் இதை வன்னீர் என்கிறது. மழைத்தண்ணீர் மென்னீர். வன்னியிலும் கிழக்கிலும் கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் வேறுபடும். ஆகவே உங்கள் கேத்திலைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

கபொம்பா தென் அமெரிக்காவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்த செடி. அதற்கு மென்னீர் வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீர் அதற்கு ஒத்துவராது. வலிஸ்னேரியாவுக்கு வன்னீர் நல்ல உணவு. இதற்கு ஒரு காரணம் உண்டு. தரையில் நிற்கும் செடி காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை எடுக்கிறது. தண்ணீருக்குள் நிற்கும் செடி தண்ணீரில் கரைந்த காபனீரொட்சைட்டையே எடுக்க வேண்டும். அது சீக்கிரம் முடிந்துவிடும். முடிந்ததும் பல செடிகள் பட்டினி கிடக்கின்றன. ஆனால் வலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, செரற்றோபில்லம் போன்ற சில, வன்னீரில் நிறைய இருக்கும் இருகாபனேற்றிலிருந்தும் தமக்குத் தேவையானதைப் பிரித்தெடுக்கும். சோறு முடிந்தபின் கஞ்சியையும் குடித்து வேலைக்குப் போகிறவனோடு, சோறு இல்லாவிட்டால் படுத்துவிடுகிறவன் போட்டி போட முடியுமா? கிணற்றுத் தண்ணீர்த் தொட்டியில் கபொம்பாவின் நிலை அதுதான்.

வலிஸ்னேரியா நஞ்சு கக்கி மற்றச் செடிகளைக் கொல்லும் என்று பழைய மீன்தொட்டிக்காரர் சிலர் சொல்வதுண்டு. நாம் கண்ட மட்டில் அதற்கு நஞ்சு தேவைப்படவில்லை. அது கக்காமலே மற்றவற்றின் உணவையும் வெளிச்சத்தையும் எடுத்துக்கொள்கிறது.

மணலும் தண்ணீரை மாற்றும். கடற்கரை மணலிலும் பவளக்கல்லிலும் சுண்ணாம்பு உண்டு. மணலில் ஒரு சிட்டிகை எடுத்து அதன்மேல் சில துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அந்த மணல் வேண்டாம். நன்றாகக் கழுவிய ஆற்றுமணல் இரண்டு மூன்று அங்குலம் போதும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரீன் போகத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்த பின்னரே பாவிக்க வேண்டும்.

பிறகு வெளிச்சம்

கத்தரிக்கு வெயில் வேண்டும். வெற்றிலைக்கு நிழல் வேண்டும். இரண்டையும் நாம் ஒரே இடத்தில் வைப்பதில்லை. தொட்டியிலும் அப்படியே. சிவப்பு இலைச் செடிகளும் மெல்லிய இலைச் செடிகளும் பெரும்பாலும் கடும் வெளிச்சம் கேட்பவை. கிரிப்டோகோரைன், மேற்கு ஆபிரிக்காவின் அனுபியாஸ், ஜாவாப் பன்னம், ஜாவாப் பாசி ஆகியவை குறைந்த வெளிச்சத்தில் பொறுமையாக வளர்பவை. இரண்டு கூட்டத்தையும் ஒரே தொட்டியில் வைத்தால், வெளிச்சம் கூட்டும்போது மெதுவாக வளரும் அனுபியாஸின் இலைமேல் பாசி படியும். குறைக்கும்போது சிவப்புச் செடியின் அடி கொட்டும். இருவரையும் திருப்திப்படுத்த ஒருவராலும் முடியாது.

மின்கட்டணம் கட்டச் சிரமப்படும் வீட்டுக்கு எமது ஆலோசனை, குறைந்த வெளிச்சக் கூட்டத்தைத் தெரிவு செய்யுங்கள் என்பதே. நேர்வெயில் படாத, ஆனால் பகலில் புத்தகம் வாசிக்கக்கூடிய வெளிச்சமுள்ள யன்னலருகே தொட்டியை வைத்தால் அவற்றுக்குப் போதும். விளக்குப் போடுவதென்றால் நாளுக்கு எட்டு மணித்தியாலம் போதும். அதற்கு மேல் எரித்தால் செடியை விடப் பாசிதான் செழிக்கும்.

மூன்றாவது, வளரும் வேகம்

வாழைக்கிடையில் இஞ்சி நடுவோம். இஞ்சிக்கிடையில் பூசணிக்கொடியை ஓடவிடமாட்டோம். வேகமாகப் படர்வதையும் மெதுவாக வளர்வதையும் அருகருகே வைத்தால் மெதுவானது தோற்கும். வலிஸ்னேரியாவை வைக்கத்தான் வேண்டுமென்றால் தொட்டியின் பின்பக்கத்தில் மட்டும் நட்டு, முன்னால் ஒரு ஓட்டை அல்லது கண்ணாடித் துண்டை மணலுக்குள் செங்குத்தாகப் புதைத்து வரம்பு கட்டுங்கள். வரம்பைத் தாண்டும் ஓடுகொடியை வெட்டுங்கள். வயலுக்கு வரம்பு இருப்பதுபோல இதற்கும் வேண்டும். மிதக்கும் செடிகளையும் கவனியுங்கள். அவை மேற்பரப்பை மூடினால் கீழே நிற்பவை இருட்டில் நிற்கும்.

எவை எவற்றோடு சேரும்?

கேத்தில் வெள்ளைபிடிக்கும் கிணற்றுத் தண்ணீர் உள்ள வீட்டுக்கு நாம் சொல்வது: பின்னால் வரம்புக்குள் வலிஸ்னேரியா, நடுவில் கிரிப்டோகோரைன் வென்டி, ஓரத்தில் நீர்ப்பிரமி, ஒரு மரத்துண்டில் நூலால் கட்டிய ஜாவாப் பன்னம் அல்லது அனுபியாஸ். இவை வன்னீரைத் தாங்கும். அனுபியாஸின் தடித்த கிடைத்தண்டை மணலுக்குள் புதைக்காதீர்கள், புதைத்தால் அழுகும். யன்னல் வெளிச்சம் மட்டும் உள்ள வீட்டில் நீர்ப்பிரமியை விட்டுவிடுங்கள். அதற்கு அந்த வெளிச்சம் காணாது.

கபொம்பாவும் சிவப்பு லுட்விஜியாவும் வேண்டுமென்றால் அவற்றுக்கு வேறு தொட்டி வையுங்கள். மாரியில் பீலியால் ஓடிவரும் மழைத்தண்ணீரைத் தாங்கியில் சேர்த்து அந்தத் தொட்டிக்கு விடுங்கள். வெளிச்சமும் கூடக் கொடுங்கள். கபொம்பாவைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நட்டுவிட்டு உரத்தால் காப்பாற்ற நினைப்பது, உவர்நிலத்தில் வெங்காயம் நட்டுவிட்டு யூரியா வீசுவது போன்றது.

இங்கே கிரிப்டோகோரைனைப் பற்றி ஒரு வார்த்தை. வென்டி, பெக்கெற்றி, பார்வா ஆகிய இனங்கள் எமது நாட்டுக்கே உரியவை. உலகெங்கும் மீன்தொட்டிகளில் நிற்கும் இச்செடிகளின் தாயகம் இலங்கையின் ஈரவலய ஓடைகள். இவற்றுக்கு ஒரு குணம் உண்டு. இடம் மாற்றி நட்டால், அல்லது தண்ணீர் திடீரென்று மாறினால், இலை முழுவதும் கரைந்துபோகும். பார்ப்பவர் செத்துவிட்டது என்பார். ஆனால் மணலுக்குள் கிடங்கு உயிரோடிருக்கும். தொடாமல் விட்டால் சில கிழமைகளில் புதிய தண்ணீருக்கேற்ற புதிய இலை விடும். அன்று நாம் பிடுங்கி எறிந்தது உயிருள்ள செடியை. அதை எறியச் சொன்னது எமது அவசரம். இடம் மாறியவுடன் இலை விடவில்லை என்பதற்காக ஒன்றைச் செத்ததென்று முடிவுகட்டக் கூடாது என்பதை, வேறு யாரும் அல்ல, நாமல்லவா அறிந்திருக்க வேண்டும்!

குளத்துக்குள் எறியாதீர்கள்

தொட்டியில் மிஞ்சிய செடியைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறிவது சாதாரண பழக்கமாகிவிட்டது. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். ஊதாப் பூப் பூக்கும் ஆகாயத்தாமரையை, மட்டக்களப்பார் ஆற்றுவாழை என்பதை, அழகுக்காகவே இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1909 ஆம் ஆண்டிலேயே அதை ஒழிக்கச் சட்டம் போட வேண்டியதாயிற்று. சட்டம் நூறு வருடத்துக்கு மேல் பழசு. செடி இன்றும் வாவியில் இருக்கிறது. சல்வீனியா 1939 இல் கொழும்பில் படிப்புக்காகக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து வயல்களுக்கும் குளங்களுக்கும் பரவியது. அதைக் கட்டுப்படுத்த, 1986 இல் அதை மட்டும் தின்னும் ஒரு சிறு வண்டை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட வேண்டியிருந்தது.

எமது செடி பிறர் ஊரில் தொல்லை கொடுத்ததும் உண்டு. மேலே சொன்ன பெக்கெற்றி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் மார்கோஸ் ஆற்றில் பரவியிருப்பது 1993 இல் காணப்பட்டது. அந்த ஆற்றுக்கே உரிய ஒரு காட்டு நெல்லை அது நெருக்கியது. பெரும் பாடுபட்டுத் தோண்டி அகற்றினார்கள். தன் ஓடையில் சாதுவாக நிற்கும் செடி வேற்று ஆற்றில் அரக்கனாகலாம். ஒரு கைப்பிடிக் கபொம்பா உங்கள் குளத்தின் துருசை அடைத்தால், சிறுபோகத்துக்குத் தண்ணீர் கேட்டு நிற்கப்போவது உங்கள் அயலவர்தான். மிஞ்சிய செடியை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கூட்டெருக் குழியில் போடுங்கள். நல்ல பசளையாகும்.

வருமானம் பற்றி

இலங்கையிலிருந்து நீர்ச்செடிகள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. உள்ளூர்க் கடைகளுக்கும் தேவை உண்டு. வளர்ப்பதற்குப் பெரிய காணி வேண்டியதில்லை என்பது உண்மை. கிரிப்டோகோரைனை வேர் மட்டும் ஈரத்தில் நிற்க, இலை வெளியே நிற்க, கிடுகு நிழலில் பழைய பேசின்களிலேயே பெருக்கலாம். பெரிய பண்ணைகளும் இலை வெளியே நிற்கும்படிதான் வளர்க்கின்றன. ஆனால் காட்டு ஓடைகளில் பிடுங்கி விற்காதீர்கள். அவற்றில் சில இனங்கள் அருகி வருகின்றன. வாங்கிய ஒரு செடியிலிருந்து பெருக்கியதை மட்டும் விற்பதே நேர்மை. முதலில் வாங்குபவரைத் தேடுங்கள். பிறகு பேசின் வையுங்கள். கடன்பட்டுத் தொடங்காதீர்கள். இரண்டு மூன்று வகையோடு நில்லுங்கள்.

விற்கும்போதும் செடிக்கட்டைச் சரியாகக் கட்டுங்கள். ஒரே தண்ணீரையும் வெளிச்சத்தையும் கேட்கும் செடிகளை மட்டும் ஒரு கட்டாக வைத்து, "இது கிணற்றுத் தண்ணீருக்கு, இது மழைத்தண்ணீருக்கு" என்று வாங்குபவருக்குச் சொல்லுங்கள். செத்துப்போகும் கட்டை விற்று ஒருவரை மூன்று தரம் ஏமாற்றுவதிலும், வாழும் கட்டை விற்று அவர் நாலு பேரைக் கூட்டிவருவது மேல்.

உதவி செய்பவர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறோம். வலிகாமத்துக்கும் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் ஒரே செடிக்கட்டைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் அந்த வீட்டுக் கேத்திலைத் திறந்து பாருங்கள். அந்த வீட்டாரின் தோட்டத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மீன்தொட்டி காணிக்கு மாற்றீடு அல்ல. அதைத் தந்துவிட்டோம், இனி இவர்களுக்கு ஒரு குறையுமில்லை என்று எந்த அறிக்கையிலும் எழுதக் கூடாது. காணியைக் கேட்கும் குடும்பம் தொட்டி வைத்திருந்தாலும் காணியைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

கொட்டியும் ஆம்பலும் நெய்தலும்

இறுதியாக, எமது குளங்களைப் பார்ப்போம். ஒன்றாக வாழும் செடிகளைப் பற்றி ஔவையார் மூதுரையிலேயே பேசியிருக்கிறார். தண்ணீர் வற்றியதும் குளத்தை விட்டுப் பறந்துபோகும் பறவைகளையும், வற்றிய குளத்திலும் ஒட்டிக்கிடக்கும் கொட்டி, ஆம்பல், நெய்தல் ஆகிய மூன்றையும் எடுத்து, உறவு எது என்று காட்டினார். அந்த மூன்றும் ஏன் ஒன்றாக வாழ்கின்றன என்று விவசாயி அறிவான். மூன்றும் ஒரே சேற்றில் நிற்பவை. ஒரே மாரியை நம்பி, ஒரே கோடையைத் தாங்குபவை. கோடையில் மேலே ஒன்றும் தெரியாது. கொட்டிக்கிழங்கு சேற்றுக்குள் உறங்கும். பஞ்சத்தில் அதை அவித்துத் தின்று பசியாறிய தலைமுறை எமக்கு முன்னால் இருந்தது.

கொட்டியின் இனத்தைச் சேர்ந்த அப்பொனொஜெற்றன் கிரிஸ்பஸ் மீன்தொட்டியிலும் நன்றாக வளரும். அலையலையான இலை அதற்கு. ஆனால் அதற்கும் கிழங்கு உண்டு, ஓய்வு வேண்டும். சில மாதம் செழித்து நின்று பிறகு இலை குறையும். அதற்காகத்தான் அதைச் சிறிய மண்சட்டியில் நட்டுச் சட்டியோடு தொட்டிக்குள் வைக்கச் சொல்கிறோம். ஓய்வு வந்ததும், பக்கத்துச் செடியின் வேரைக் குழப்பாமல் சட்டியோடு தூக்கி நிழலில் ஈரமாக வைக்கலாம். இரண்டு மாதம் கழித்துத் திருப்பி வைத்தால் மீண்டும் துளிர்க்கும்.

ஆம்பலுக்கும் நெய்தலுக்கும் மூன்றடித் தொட்டி காணாது. அவற்றை முற்றத்தில் ஒரு சீமெந்துத் தொட்டியில், கொட்டியோடு சேர்த்து, குளத்துச் சேற்றில் நடுங்கள். நுளம்பு வராமல் இருக்க நாலு கப்பி மீனை விடுங்கள். காணி கிடைக்காத குடும்பத்தின் பிள்ளை அந்தத் தொட்டியைப் பார்த்து, "எங்கட குளத்தில எதெது பக்கத்தில பக்கத்தில நின்றது?" என்று கேட்கட்டும். பதில் சொல்லப் பாட்டாமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வோம்.